எங்கள் ஸ்டோர் எந்தக் கலர்?

குரங்கணி ரோட்டில் வருகிற ஜீப்புகளை நான் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. சத்தமே போதும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு ஒவ்வொரு வளைவிலும் இருமும். வனத்துறை ஜீப்பு புதுசு, ஏற்றத்தில்கூட முனகாது. என் தம்பி மகன் ஓட்டுகிற ஜீப்பு வருவதற்கு முன்னாலேயே அதன் ஆரன் வந்துவிடும். அவன் ஆரனை அமுக்குகிற அமுக்கைக் கேட்டால், பிரேக் என்று ஒன்று அந்த வண்டியில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். சத்தம் தெரியாத ஜீப்பு ஒன்று வந்த அன்றைக்கு என் கால்கள் தரையில் நிற்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் திணறிப் போவார்கள் என்று திருத்தித்தான் எழுதுகிறாள். அன்றைக்கு யார் யார் என்ன பேசினார்களோ, அதை மட்டும் பேசியபடி விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அதையும் திருத்திவிட்டால் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது?

எங்களுக்கு ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. ஸ்டோர் என்றதும் சோப்பும் சீப்பும் விற்கிற கடை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மலையில் காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு அதுதான் பேர். ஒரு பக்கம் பெரிய அடுப்பு, அதில் விறகு எரியும். சூடு தகரக் குழாய்க்குள் புகுந்து, கட்டடத்துக்குள் சுற்றி வந்து, மறுபக்கம் புகையாக வெளியேறும். உள்ளே வலைத் தட்டுகளில் பச்சைக் காயைப் பரப்பி வைத்திருப்போம். சூடு ஏறியபின் கதவைத் திறந்தால் அந்த மணம் மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்காரும். என் புருஷன் உயிரோடு இருந்தபோது, நான் ஸ்டோருக்குள் போய்விட்டு வந்தால் "பாயசம் மாதிரி மணக்கிறயே" என்பார். அந்த மனிதர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் ஏலக்காய்க்குப் போய்ச் சேர வேண்டியது.

ஸ்டோர் கட்ட வழியில்லாத சின்னத் தோட்டக்காரர்கள் எங்களிடம் காயைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் உலர்த்திக் கொடுப்போம். கூலிக்குத்தான். என் மகன் பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் முடித்தது, வீட்டுக்கு ஓடு மாற்றியது எல்லாமே அந்த அடுப்பிலிருந்து வந்தவை. அதில் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு தடவை காயைப் பரப்பி அடுப்பைப் பற்றவைத்துவிட்டால், காய் உலர்ந்து முடிகிறவரை சூட்டை விடக் கூடாது. நடுவில் விட்டால் காய் வெளுத்துவிடும். போடி டவுன் யாவாரி வெளுத்த காயைக் கையில் எடுப்பார், பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போட்டுவிடுவார். அவர் வாயைத் திறந்து திட்டினால்கூடத் தேவலை.

எங்கள் தொழிலில் அழகு என்றால் பச்சை. பொண்ணு பார்க்கப் போகிறவன் சிவப்பாக இருக்கிறாளா என்று பார்ப்பான். காய் பார்க்க வருகிறவன் பச்சையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். அந்தப் பச்சை போகாமல் இருக்க, பரப்புவதற்கு முன்னால் காயைச் சோடாத் தண்ணீரில் முக்கி எடுப்போம். துணி துவைக்கிற சோடாதான், வேறொன்றும் இல்லை. முக்கி எடுத்த தண்ணீரை ஸ்டோருக்குப் பின்னால் போகிற ஓடையில் சாய்த்துவிடுவோம். என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். ஓடைதான் ஓடிக்கொண்டே இருக்கிறதே, நாம் ஊற்றியது நாம் திரும்புவதற்குள் போய்விடுகிறதே என்ற எண்ணம்.

இப்போது என் பயத்தைச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலத்துக்கு முன்னால் போடிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பஸ்சுக்கு நிற்கும்போது எதிரில் ஒரு கடை. ஏலக்காய் யாவாரிதான். கதவு பூட்டியிருந்தது. பூட்டின்மேல் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றியிருந்தார்கள். அது சொட்டி, வழிந்து, உறைந்துபோய், காயத்தில் ரத்தம் காய்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் என்ன என்று கேட்டேன். "வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் போட்டு வித்தாகளாம். அதான் ஆபீசருக வந்து சீல் வச்சிட்டாக" என்றாள். படியில் அந்த யாவாரி உட்கார்ந்திருந்தார். தன் கடைப் படியில் தானே அந்நியன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அதற்குப் பிறகு சிவப்பு அரக்கைக் கண்டால் ஆகாது. தபாலாபீசில் பார்சல்மேல் ஊற்றியிருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சத்தம் தெரியாத அந்த ஜீப்பு வந்த ஐப்பசியில் ஸ்டோருக்குள் இருந்த காய் எங்களுடையது அல்ல. மேலே குத்தகைக்குத் தோட்டம் பிடித்திருந்த ஒரு புருஷன் பெண்சாதியின் முதல் எடுப்பு. அந்தப் பெண் மூட்டையை இறக்கிவிட்டு, "ஆத்தா, இதுல எல்லாத்தையும் போட்டிருக்கோம், பாத்துக்கங்க" என்றாள். காதில் கம்மலுக்குப் பதில் துடைப்பக் குச்சி இருந்தது. எல்லாத்தையும் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. "எம் பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன், போ" என்று அனுப்பினேன்.

மறுநாள் என் மகன் ஏற்கெனவே உலர்ந்த காயை எடுத்துக்கொண்டு போடிக்குப் போயிருந்தான். நானும் மருமகளும்தான் ஸ்டோரில். காய் பாதி உலர்ந்திருந்தது. ஆரன் சத்தம் வந்தது, பின்னாலேயே ஜீப்பு வந்தது, ஜீப்பு நிற்பதற்குள் என் தம்பி மகன் குதித்துவிட்டான்.

"அத்தே! அடுப்ப அணைங்க! பொல்யூசன் வருது!"

"எதுடா வருது?"

"பொல்யூசன்! மாசு ஆபீசு! கீழ டீக்கடையில நின்னு வழி கேட்டாக. பொம்பள ஆபீசரு. காப்பி மில்லப் பாத்துட்டாக, அடுத்து ஸ்டோருகளப் பாக்கணுமாம்."

"நம்ம ஸ்டோரு வெத்தலைப் பெட்டி மாதிரி இருக்கு. இதுக்கெல்லாமா ஆபீசரு வருவாக?"

"சின்னது பெருசெல்லாம் அவுகளுக்குக் கிடையாது. எஞ்ஜீப்பு சின்னதுதானே, வருசா வருசம் பொல்யூசன் எடுக்கிறேன்ல? சைலன்சருக்குள்ள குழாய விட்டுப் பாப்பாக. பொகை கூடுனா அம்புட்டுதான்."

"இங்க எங்கிட்டுடா குழாய விடுவாக?"

"அந்தா இருக்குல்ல பொகைக்கூண்டு, அதுக்குள்ளதான்" என்றான். வருசா வருசம் சைலன்சரைக் காட்டி வந்தவன், அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நானும் நம்பினேன்.

மருமகள்தான் குறுக்கே வந்தாள். "அண்ணே, உள்ள காய் பாதிதான் காஞ்சிருக்கு. இப்ப அணைச்சா மொத்தமும் வெளுத்துரும்."

"அணைக்கலேன்னா சீல் வச்சிருவாக தங்கச்சி. காயும் உள்ள, நீங்க வெளிய."

சீல் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கண் முன்னால் அந்தச் சிவப்பு அரக்கு வழிந்தது. எங்கள் ஸ்டோர்ப் படியில் நான் உட்கார்ந்திருக்கிற மாதிரியும், மேலே இருந்து அந்தத் துடைப்பக் குச்சிக் காதுக்காரி இறங்கி வருகிற மாதிரியும் தெரிந்தது. அணைத்தால் அவள் காய் போயிற்று. அணைக்காவிட்டால் காயும் போயிற்று, ஸ்டோரும் போயிற்று. அடுப்பில் ஒரு விறகை இழுப்பேன், திரும்ப உள்ளே தள்ளுவேன். "அத்தே, ஒண்ணு உள்ள வைங்க, இல்ல வெளிய வைங்க" என்று மருமகள் அழுகிற குரலில் சொன்னாள்.

அதற்குள் தம்பி மகன் ஒரு காரியம் செய்துவிட்டான். எங்கள் ஸ்டோர் சரிவில் கட்டியது. மேல் வரப்பில் ஏறி நின்றால் புகைக்கூண்டு கைக்கு எட்டும். அவன் ஒரு சாக்கைத் தொட்டியில் நனைத்து எடுத்துக்கொண்டு மேலே ஏறி, புகைக்கூண்டின் வாயை மூடிவிட்டான். கெட்டிக்காரத்தனம். மேலே போக வழியில்லாத புகை என்ன செய்யும்? அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வந்தது. எனக்குக் கண் தெரியவில்லை, மருமகள் தெரியவில்லை, கதவு தெரியவில்லை.

"டேய், எடுடா! காய்ல பொகை ஏறப் போகுதுடா! எடுடா சாக்க!"

"என்னது? கேக்கல அத்தே!"

"எடுடா நாசமாப் போறவனே!"

அது கேட்டுவிட்டது. சாக்கை எடுத்தான். அடைபட்டுக் கிடந்த புகை முழுக்க ஒரே மூச்சில் மேலே கிளம்பியது. அத்தனை வருசத்தில் எங்கள் ஸ்டோர் அப்படி ஒரு புகையை விட்டதில்லை. கன்னங்கரேல் என்று ஆனை எழுந்து நின்ற மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் சத்தம் தெரியாத ஜீப்பு வளைவில் திரும்பியது.

இறங்கி வந்த ஆபீசர் சின்ன வயசுப் பெண். என் பேத்தி வயசை விடக் கொஞ்சம் கூட இருக்கும். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். தோளில் ஒரு பை. என் கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை. அரக்கு அதற்குள்தான் இருக்க வேண்டும்.

"என்னம்மா இது, தீ கீ பிடிச்சிருச்சா?"

மேல் வரப்பிலிருந்து தம்பி மகன் பதில் சொன்னான். "இல்ல மேடம். இன்னைக்குக் காத்து சரியில்ல."

ஒரு இலைகூட அசையவில்லை. சாக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான், அது அவன் கால் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆபீசர் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த யாவாரி ஞாபகம்தான் வந்தது. ஒன்றும் சொல்லாமல் காயைத் திரும்பப் போடுவாரே, அந்தப் பார்வை.

"இசைவாணை வாங்கியிருக்கீங்களாம்மா?"

எனக்கு அதில் கடைசிப் பாதிதான் புரிந்தது. எங்கள் பக்கம் ஆணை என்றால் சத்தியம். சத்தியம் பண்ணச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அடுப்பின் பக்கம் கையை நீட்டி, "மாரியாத்தா மேல ஆணையாச் சொல்றேன் தாயி, எம் மகன் மேல ஆணையாச் சொல்றேன், நாங்க ஒரு தப்பும் பண்ணல" என்றேன்.

"அய்யய்யோ, எதுக்கும்மா சத்தியமெல்லாம் பண்றீங்க?"

"நீங்கதானே தாயி கேட்டீக?"

மருமகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அத்தே, அது வேற. தொழில் நடத்தப் பெர்மிட்டு இருக்கான்னு கேக்குறாக." ஆபீசரிடம், "இல்லைங்க மேடம். வாங்கணும்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள். பயத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் உள்ளதைச் சொன்னாள். எனக்கு அதுவே தப்பாகப் பட்டது. இப்படியா போட்டுக் கொடுப்பது?

ஆபீசர் கொஞ்சம் யோசித்தாள். எங்களுக்குப் புரிகிற மாதிரி கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. "சரி விடுங்க. உங்களது எந்தக் கலர்ல வரும்னாவது யாராச்சும் சொல்லியிருக்காங்களா? பச்சையா, ஆரஞ்சா?"

கலர்! சுற்றி வளைத்துக் கடைசியில் சாயத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள். போடிக் கடைக்குப் போனவர்கள்தான் இங்கும் வந்திருக்கிறார்கள்.

"பச்சைதான் தாயி! ஆரஞ்சு காய யாரு வாங்குவா? பொறந்த பச்சை! ஒரு பொட்டுச் சாயம் போடல!"

"இல்லம்மா, நான் கேட்டது..."

நான் எங்கே கேட்கிறேன்? ஸ்டோருக்குள் ஓடி, சூட்டோடு ஒரு கை காயை அள்ளி வந்தேன். அவள் முன்னால் எச்சிலைத் தொட்டுக் காயைத் தேய்த்தேன். முந்தானையில் தேய்த்தேன். "பாருங்க, ஒட்டுதா? நல்லாப் பாருங்க! சாயமாயிருந்தா ஒட்டணும்ல?" என்று முந்தானையை அவள் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அவள் பின்னால் போனாள், நான் முன்னால் போனேன்.

"அத்தே, போதும்" என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரு தாயி. மடியில கனமில்லாதவளுக்கு என்ன பயம்?" என்று அவளை அதட்டிவிட்டு, ஆபீசர் கையைப் பிடித்தேன். பயத்தில் எனக்கு எங்கிருந்தோ பலம் வந்திருந்தது. "நாங்க போடுறது சோடா ஒண்ணுதான். வாங்க, கண்ணாலயே காட்டுறேன்." சோடாத் தொட்டியைக் காட்டினேன். அதோடு விட்டேனா? மருமகள் என் இடுப்பில் கிள்ளினாள். ஏதோ பூச்சி என்று தட்டிவிட்டு, ஆபீசரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"இந்தா, முக்கி எடுத்த தண்ணிய இங்ஙனதான் சாய்ப்போம். சாயம் போட்டிருந்தா இந்த எடம் பச்சையாக் கிடக்கணும்ல? பாருங்க தாயி, பச்சையா ஏதாச்சும் இருக்கா?"

ஆபீசர் பார்த்தாள். மருமகள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பச்சையாக ஒன்றுமே இல்லை. மேலே ஓடைக் கல்லெல்லாம் பாசி பிடித்து, இடுக்குகளில் செடி முளைத்து, ஈரமாகக் கரும்பச்சையாக இருந்தது. கீழே கொஞ்ச தூரம் தள்ளியும் அப்படித்தான். நாங்கள் தண்ணீர் சாய்க்கிற இடத்திலிருந்து நாலைந்து எட்டுக்கு மட்டும் கல் மொட்டையாக, வெளுத்துப்போய், துவைத்துக் காயப்போட்ட மாதிரி கிடந்தது. தினமும் பார்க்கிற இடம்தான். அன்றைக்குத்தான் அந்தக் கல் யாவாரி ஒதுக்குகிற காய் மாதிரி தெரிந்தது.

ஆபீசர் குனிந்து உட்கார்ந்தாள். கல்லுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கறுப்பு ஓஸ் குழாய் கிடந்தது, சரிவில் இறங்கிப் போனது. "இந்த ஓஸ் யாருது? எங்க போகுது?"

பின்னாலேயே வந்திருந்த தம்பி மகன், "நம்மளதுதான் மேடம். கீழ எங்க வீட்டுக்குப் போகுது. குடிக்க, பொழங்க எல்லாத்துக்கும் அதான்" என்றான். சொல்லிவிட்டுக் கல்லைப் பார்த்தான். ஓஸைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

"ஏன் அத்தே... அதான் எங்க வீட்டுக் காப்பி நொரைக்குதா? எம் பொண்டாட்டி பால் நல்ல பாலுன்னுல்ல பெருமையடிச்சுக்கிட்டு இருக்கா!"

வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது ஆபீசர் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.

நான் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். "தாயி, இந்த லோடு எறங்குற வரைக்கும் விட்டுருங்க. இது எங்க காய் இல்ல. ஒரு புள்ள காதுல கிடந்ததக் கழட்டி அடகு வச்சிட்டுக் குத்தகைக்கு எடுத்துப் போட்ட காய். அவளுக்குக் காயக் குடுத்துட்டு, நானே சாவியக் கொண்டாந்து குடுக்கிறேன். அப்புறம் அரக்க ஊத்துங்க, அடுப்புலயே ஊத்துங்க."

ஆபீசர் கையில் இருந்தது ஒரு பாட்டில். மூடிதான் சிவப்பு. ஓடைத் தண்ணீரை அதில் பிடித்து இறுக மூடினாள். என் பக்கத்தில் வந்து, பேன்ட் நனைவதைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் சீல் வைக்க வரல. அப்படி வந்ததும் பூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு அதிகாரமும் கிடையாது. நான் பார்த்ததை எழுதுவேன். மேல இருந்து கேட்பாங்க, நீங்க பதில் சொல்லணும், சரி பண்ணணும். சரியே பண்ணலைன்னாதான் மூடுற பேச்சு வரும். அடுப்பு எரியட்டும், அந்தக் காய் நல்லபடியா காயட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் எனக்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தாள்.

ஆபீசர் விவரமாகச் சொன்னாள். எந்தத் தொழில் காற்றையும் தண்ணீரையும் எவ்வளவு கெடுக்கும் என்று பார்த்து, அரசாங்கம் கலர் பிரித்து வைத்திருக்கிறதாம். ரொம்பக் கெடுப்பது சிவப்பு, அதற்குக் குறைவு ஆரஞ்சு, இன்னும் குறைவு பச்சை, கெடுதலே இல்லாத மாதிரி என்றால் வெள்ளை. தொழிலை நடத்தலாம் என்று அவர்கள் கொடுக்கிற உத்தரவுதான் இசைவாணையாம். எங்களைப் போன்ற சின்ன ஸ்டோர் பச்சையில் வரும் என்று நினைக்கிறாளாம், பார்த்துச் சொல்வார்களாம்.

"அப்ப எல்லாத்துலயும் ஒசத்தி வெள்ளையா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா."

"எங்களுக்கு வெளுத்தா யாரும் தொட மாட்டாக. உங்களுக்கு வெளுத்தாத்தான் மதிப்பா? நல்ல ஆபீசுதான் போங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தாலும் சொல்ல வேண்டியதை விடவில்லை. சோடாத் தண்ணீர் இனி ஒரு சொட்டுகூட ஓடையில் விழக் கூடாது. ஓடையை விட்டுத் தள்ளி சிமெண்டுத் தொட்டி கட்டி, மழை விழாமல் மேலே தகரம் போட்டு, அதில் விட்டு வற்ற வைக்க வேண்டும். அதுவரை சோடாவே கூடாது. புகைக்கூண்டை உயர்த்த வேண்டும். விறகு எங்கிருந்து வருகிறது என்பதற்குக் காகிதம் வைத்திருக்க வேண்டும். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் தம்பி மகனைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க ஓஸை இன்னைக்கே மேல எடுத்துப் போட்டுருங்க. சாக்கையும் காயப்போடுங்க, ரொம்ப நேரமா சொட்டுது" என்றாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. அந்தச் சாக்குப் புகை காய்க்குள் ஏறியிருந்தால்? ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன், புகை அடித்தது. மறு கை அள்ளினேன், அதிலும் அடித்தது. "உங்க மூக்குலதான் அத்தே பொகை. மொகத்தக் கழுவிட்டு வாங்க" என்றாள் மருமகள். கழுவிவிட்டு வந்தும் எனக்குச் சந்தேகம். காய் உலர்ந்து முடிகிறவரை நான் சோறு தின்றேனா என்றே ஞாபகம் இல்லை. அந்தப் பெண் புருஷனோடு வந்து மூட்டையை அவிழ்த்தபோது நான் அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. அவள் இரண்டு கையாலும் காயை அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஆத்தா, பாயசமால்ல மணக்குது!"

என் புருஷனே மேலேயிருந்து சொல்லி அனுப்பிய மாதிரி இருந்தது.

மகன் வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தான். "அவுக கேட்டது ஒண்ணு. நீ எதுக்கு ஓடைக்குக் கூட்டிட்டுப் போன?" என்றான். சாயம் போடவில்லை என்று காட்டத்தான் என்றேன். "அதுக்கு?" என்றான். தம்பி மகன்தான் சொன்னான்: "மாப்ளே, அத்த கூட்டிட்டுப் போகலேன்னா நான் இன்னைக்கும் சோப்புக் காப்பிதான் குடிச்சுக்கிட்டு இருப்பேன்."

அதன்பிறகு இருந்த காத்திருப்புதான் பெரிய பயம். தொட்டி கட்டி முடிகிறவரை சோடா இல்லை, காய் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது. சில தோட்டக்காரர்கள் மூட்டையை ஜீப்பிலிருந்து இறக்காமலேயே வேறு ஸ்டோருக்குப் போனார்கள். மருமகள் போடியில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து மனுப் போட்டுவிட்டு வந்தாள். ஏதோ ஒரு போட்டோ சரியில்லை என்று திரும்பப் போனாள். அவள் போன் அடித்தால் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் நிற்பேன். புகைக்கூண்டை உயர்த்தினோம். இப்போது மேல் வரப்பில் நின்றாலும் கைக்கு எட்டாது. தம்பி மகன் அண்ணாந்து பார்த்து, "இனிமே சாக்கு போடணும்னா ஏணி வேணும் அத்தே" என்றான். செருப்பைத் தேடினேன், அதற்குள் ஓடிவிட்டான்.

ஒருநாள் அந்த ஜீப்பு திரும்ப வந்தது. எனக்கு இப்போது அதன் சத்தமும் தெரியும், கியர் மாற்றும்போது லேசாக விக்கும். சத்தம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை. ஆபீசர் தொட்டியைச் சுற்றி வந்தாள், தகரத்தைத் தட்டிப் பார்த்தாள், ஓடைக்குள் இறங்கினாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மொட்டைக் கல்லின் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துவிட்டு, விரலை என் பக்கம் நீட்டினாள். நுனியில் துளிப் பச்சை ஒட்டியிருந்தது.

"ஒட்டுதும்மா" என்றாள்.

அன்றைக்கு முந்தானையை அவள் மூக்குக்குக் கொண்டுபோனதற்குச் சரிக்குச் சரி பண்ணிவிட்டாள், கெட்டிக்காரி.

இசைவாணை வந்துவிட்டது. பச்சைதான். அதற்கும் ஒரு கெடு உண்டாம், முடிந்தால் திரும்ப வாங்க வேண்டுமாம், நடுவில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். ஆக பயம் எங்கேயும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. முன்பு ஜீப்புக்குப் பயந்தேன். இப்போது மழைக்குப் பயப்படுகிறேன். வானம் இருட்டினால் எல்லாரும் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள், நான் தொட்டியைப் பார்க்க ஓடுகிறேன். போன வாரம் அடித்த மழையில் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. நானும் மருமகளும் நனைந்துகொண்டே கல்லைப் புரட்டி அதன்மேல் வைத்தோம். தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது. வழிந்ததா, வழியவில்லையா என்று அந்த மழையில் யாருக்குத் தெரியும்? மழை விட்டதும் ஓடை மேட்டில் போய் நின்றேன். ஓடை கலங்கலாகப் போனது, ஒன்றும் தெரியவில்லை. ஓஸ் மாற்றிப் போட்டாயிற்று என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கீழே தம்பி மகன் வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"டேய் மாப்ளே! காப்பி குடிச்சிட்டயா?"

அவன் வீட்டிலிருந்து பதில் வர நேரமாயிற்று. கடைசியில் சத்தம் வந்தது.

"குடிச்சிட்டேன் அத்தே! நொரைக்கல! எம் பொண்டாட்டிதான் பால்காரனோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கா!"